சார்ஜிங் ஆப் ‘காலி’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். காலியாக இருப்பது சார்ஜிங் கன் மட்டும்தான்

மின்சார கார் வைத்திருப்பவர்களும் வாங்கும் யோசனையில் இருப்பவர்களும் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். சார்ஜிங் ஸ்லாட்டுக்கு முன்பதிவுக் கட்டணம் கட்டி, நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து, ஒரு யூனிட்கூட ஏற்றாமல் திரும்பியிருக்கிறேன். கட்டணமும் போனது. போதாக்குறைக்குத் தவறு என்னுடையது என்று மெயிலும் வந்தது.

போன மாதம் வெளியூரிலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் மனைவியும் முன்னால், பின்சீட்டில் அம்மா தூக்கம். பேட்டரியில் 14 சதவீதம். வீட்டுக்கு அது போதாது. ஆப்பைத் திறந்தேன். 8 கிலோமீட்டரில் ஒரு வணிக வளாகம், அதன் பேஸ்மென்ட்டில் வேகமாக ஏற்றும் 60 கிலோவாட் டிசி சார்ஜர், இரண்டு கன் (காரில் செருகும் கேபிள் முனை). இரண்டுமே பச்சையாக ‘காலி’ என்று காட்டின. போகிற நேரத்தில் யாராவது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று, கூடுதலாகக் காசு கட்டி 20 நிமிடத்துக்கு முன்பதிவும் செய்தேன். அரை மணி நேரம் ஏற்றினால் வீடு வந்துவிடலாம் என்பது கணக்கு.

பதினான்காவது நிமிடத்தில் பேஸ்மென்ட்டில் இறங்கிவிட்டேன். தரையில் பச்சை பெயின்ட், அதில் பெரிதாக ஒரு மின்னல் படம். அந்த மின்னலின் மேல் முன்சக்கரத்தை ஏற்றியபடி ஒரு டீசல் கார் நின்றது. பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். பக்கத்து இடத்தில் ஒரு மின்சார கார். சரி, இவராவது சார்ஜ் போடுகிறார் என்று பார்த்தால், கன் அதன் தாங்கியில் பத்திரமாகத் தொங்குகிறது, காரின் சார்ஜிங் மூடி மூடியே இருக்கிறது. லிஃப்டுக்குப் பக்கம் என்பதால் சும்மா நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்கு நடுவில் சார்ஜர் திரையில் என் பெயரைப் போட்டு, ‘உங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது, 05:40’ என்று நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. “நம்ம பேருக்கு மட்டும் இடம் கிடைச்சிருக்கு போல” என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செக்யூரிட்டியிடம் ஓடினேன். “இடம் இருந்துச்சு சார், விட்டுட்டாங்க. சார்ஜர் எங்களுது இல்ல, அந்த கம்பெனிக்காரங்களைக் கேளுங்க” என்றார். மைக்கில் கூப்பிடச் சொன்னேன். அதற்கு மேனேஜர் அனுமதி வேண்டுமாம், மேனேஜர் காலையில்தான் வருவாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் ஒரு அதிகாரமும் கொடுக்கவில்லை. சார்ஜர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டால், “பார்க்கிங் வளாகத்தின் பொறுப்பு சார், எங்கள் சார்ஜர் நல்ல நிலையில் இருக்கிறது” என்று பதில். ஆக, சார்ஜர் ஒருவருடையது, தரை இன்னொருவருடையது, அவதி மட்டும் என்னுடையது.

வண்டிகள் போகும் வழியில் குறுக்காக நிறுத்திக் கேபிளை இழுத்துப் பார்க்கலாம் என்றும் முயன்றேன். டிசி கேபிள் ஒரு குழந்தையின் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும், இழுத்த பக்கமெல்லாம் வளையாது. என் காரில் சார்ஜிங் வாய் பின்பக்கம் இடதுபுறம். இரண்டு அடி எட்டவில்லை. அந்த நேரத்தில் திரையில் 00:00 வந்தது, என் பெயர் மறைந்தது, பழையபடி ‘காலி’ என்று பச்சை விளக்கு எரிந்தது.

டீசல் காரின் உரிமையாளர் அடுத்த அரை மணி நேரத்துக்கும் வரவில்லை. 11 சதவீதத்தோடு கிளம்பினோம். ஏசியை அணைத்து, 40-ஐத் தாண்டாமல், வழியை விட்டு விலகி 14 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு 7.4 கிலோவாட் மெதுவான சார்ஜரைப் பிடித்தபோது மீதி 6 சதவீதம். அங்கே ஒன்றரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒருமுறை கண் விழித்து, “வீடு வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் மெயில். ‘ஒதுக்கப்பட்ட நேரத்தில் நீங்கள் சார்ஜிங்கைத் தொடங்கவில்லை. முன்பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.’ போட்டோக்களை அனுப்பினேன். ‘எங்கள் பதிவேட்டின்படி அந்த நேரத்தில் சார்ஜர் செயல்பாட்டில் இருந்தது, காலியாகவும் இருந்தது’ என்று பதில். எரிச்சலோடு நிபந்தனைகளை முழுதாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி: முன்பதிவு சார்ஜிங் கன்னுக்கு மட்டுமே, வாகன நிறுத்துமிடத்துக்கு உத்தரவாதமில்லை.

விஷயமே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பல சார்ஜர்கள் தங்கள் சர்வரோடு ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் பேசுகின்றன. ‘காலி’, ‘தயாராகிறது’, ‘சார்ஜ் ஆகிறது’, ‘முடிகிறது’, ‘ஒதுக்கப்பட்டது’, ‘பழுது’ என்று அதில் சில நிலைகள் உண்டு. இவை எல்லாமே கன்னைப் பற்றியவை. கன் எந்தக் காரிலும் செருகப்படவில்லை, பழுதும் இல்லை என்றால் ‘காலி’ என்று சொல்லிவிடும். எதிரில் லாரியே நின்றாலும் அதற்குத் தெரியாது. தரையில் சென்சாரோ கேமராவோ தனியாக வைத்தால்தான் தெரியும், நான் போன இடத்தில் அப்படி எதுவும் இல்லை. முன்பதிவும் அப்படித்தான்: வேறொருவரின் கணக்கில் அந்தக் கன் ஓடாமல் பூட்டி வைக்கும், அவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டே ‘உங்கள் இடத்தை உறுதி செய்யுங்கள்’ என்று பட்டன் வைத்துக் காசு வாங்குவதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். டீசல்காரர் செய்தது அலட்சியம், அது வேறு.

இது எங்கேயும் நடப்பதுதான். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐஸிங்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள், பெட்ரோல் டீசல் எஞ்சினைக் குறிக்கும் மூன்று எழுத்துச் சுருக்கத்திலிருந்து வந்த சொல். கலிஃபோர்னியாவில் முறையான அறிவிப்புப் பலகை இருந்தால், சார்ஜுக்காக இணைக்கப்படாமல் அந்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப்போகவே சட்டம் இடம் தருகிறது. எனக்கு அதில் பிடித்தது ‘இணைக்கப்படாமல்’ என்ற சொல். மின்சார காராகவே இருந்தாலும் சும்மா நிறுத்தினால் அதுவும் அடைப்புதான். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு டீசல்காரரை விட அந்த இரண்டாவது காரின் மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது. நம் கஷ்டம் தெரிந்த ஆள் அல்லவா.

டெஸ்லா 2016 டிசம்பரில் சார்ஜ் முடிந்தும் எடுக்காத வண்டிகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் கன்னே செருகாமல் நிற்கும் வண்டியை அதுவும் தொடாது, ஏனென்றால் அப்படி ஒரு வண்டி நிற்பதே சார்ஜருக்குத் தெரியாது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், ‘காலி’யைப் பார்ப்பதற்கு முன்பு கடைசியாக எப்போது சார்ஜ் நடந்தது என்று பார்க்கிறேன். சில ஆப்களில் அது தெரியும். கால் மணி நேரத்துக்கு முன் ஒருவர் ஏற்றி முடித்திருந்தால் அந்த இடத்துக்குக் கார் போக முடிகிறது என்று அர்த்தம். பரபரப்பான நேரத்தில் மூன்று மணி நேரமாக யாருமே தொடாமல் ‘காலி’ என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்: பழுதாக இருக்கும், அல்லது வழி அடைபட்டிருக்கும். அந்த இடத்தின் போன் எண் கிடைத்தால் கம்பெனியைக் கேட்காமல் அங்கே நிற்கும் ஆளைக் கேளுங்கள், “சார்ஜர் முன்னாடி வண்டி நிக்குதா?” என்று. எல்லாவற்றையும் விட, அடுத்த சார்ஜர் வரை போகும் அளவு பேட்டரி இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த 11 சதவீதம்தான்.

அடைத்திருந்தால் முதல் வேலை போட்டோ. சார்ஜர் திரை, நிற்கும் வண்டி, தரையில் உள்ள குறி மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். நான் தனித்தனியாக எடுத்து அனுப்பினேன், ‘இது எங்கள் சார்ஜர்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை’ என்று அதற்கும் ஒரு பதில் வந்தது. முன்பதிவு நேரம் முடிவதற்குள் அந்த ஆப்பிலேயே புகார் போட்டு எண் வாங்கிவிடுங்கள்.

கோபத்தில் டயர் காற்றைப் பிடுங்குவது, பின்னால் குறுக்கே நிறுத்திச் சிறை வைப்பது எல்லாம் வேண்டாம். புகார் அப்புறம் நம் மேல் திரும்பும். இன்னொன்று. வேறொருவர் வண்டி சார்ஜ் முடிந்தும் கன்னோடு பூட்டி நின்றால் சார்ஜரின் சிவப்பு அவசர பட்டனை அழுத்தினால் கழன்றுவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். செய்யாதீர்கள். அது ஆபத்துக்கு வைத்தது. அழுத்தினால் சார்ஜரே நின்றுபோகும், ஆள் வந்து சரிசெய்யும் வரை உங்களுக்கும் கிடைக்காது.

நானும் யோக்கியன் இல்லை. வண்டி வாங்கிய புதிதில் டிசி சார்ஜரில் செருகிவிட்டுப் படம் பார்க்கப் போயிருக்கிறேன். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசி 20 சதவீதம் நத்தை மாதிரி ஏறும் என்பதுகூட அப்போது தெரியாது. திரும்பி வந்தபோது ஒருவர் தன் காரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது டேஷ்போர்டில் போன் எண் எழுதிய அட்டை வைத்திருக்கிறேன், 80 ஆனதும் கழற்றிவிடுகிறேன்.

மூன்றாவது மெயிலுக்குப் பிறகு ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று சொல்லி முழுத் தொகையையும் ஆப்பின் வாலெட்டில் போட்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாதாம். இன்னொரு முன்பதிவுக்கு மட்டும்தான் செல்லுமாம்.