ஜீப் வயரிங்: சால்டரா, கிரிம்ப்பா?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மண்பாதையில் ஓடும் ஜீப்புக்கு வீட்டிலேயே வயரிங் மாற்றினால், கோளாறு பெரும்பாலும் கம்பியில் வராது, இணைப்பில்தான் வரும். ஓயாத அதிர்வும் பனிமூட்டத்தின் ஈரமும் அங்கேதான் வேலையைக் காட்டும்.

சால்டரில், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுவதில், மின்தடை குறைவு. அந்த விஷயத்தில் குறையே இல்லை. ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறிக் கம்பியை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு முழுவதும் இறங்கி, இழைகள் ஒவ்வொன்றாக அறும். இன்சுலேஷனுக்குள் அறுவதால் வெளியே தெரியாது. ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸில் ஆசிட் வகையைப் போட்டால் செம்பு பச்சை பிடிக்கும். ரோசின் (பிசின்) வகை மட்டும் போதும்.

கிரிம்ப் என்றால் கம்பி முனையில் லக் என்ற உலோக முனையை மாட்டி அழுத்திப் பிடிக்க வைப்பது. அதற்கு ராட்செட் கிரிம்பர் (முழுதாக அழுத்தும்வரை பிடி விடாத கருவி) கட்டாயம். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் தளரும், சூடேறும், கருகும். கம்பியின் அளவுக்கேற்ற, வெள்ளீயம் பூசிய செம்பு லக் வாங்குங்கள். அழுத்தியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். உருவி வந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். மேலே, உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்). சூடு காட்டும்போது இரு முனையிலும் பசை கசிந்தால்தான் ஈரம் புகாது. வெறும் டேப் இந்த ஊருக்கு ஆகாது.

ஹெட்லைட்டில் 60 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அதற்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), 2.5 சதுர மி.மீ. கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். இணைப்பு எல்லாமே கிரிம்ப்தான். டேஷ்போர்டு மீட்டரின் சர்க்யூட் போர்டுக்கு மட்டும் சால்டர். ஸ்டார்ட்டர் கேபிளின் தடித்த லக்கை, ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையில் கொடுத்து அழுத்தி வாங்குவதே நல்லது.