எல்சி3பி-க்கு மருந்து தேட: பழைய மருந்துகளா, பெருந்தொகுப்பா?

செல் தன் கழிவைத் தானே சிதைத்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜியில் பங்கெடுக்கும் புரதங்களுக்குக் கணினியில் மருந்து தேடினால் முதல் கேள்வியே எந்தத் தொகுப்பைச் சலிப்பது என்பதுதான். அங்கீகாரம் பெற்ற சில ஆயிரம் மருந்துகளையா, எனமைன் ரியல் போல ஆர்டர் கொடுத்தால் செய்து தரும் கோடிக்கணக்கான மூலக்கூறுகளையா? அப்படி ஒரு புரதமான எல்சி3பி-க்கு நான் எடுத்தது இரண்டாவதை. இந்த எழுத்தும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பழைய மருந்துகளின் வசதி ஊரறிந்தது. மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணித்து ஸ்கோர் தரும் (இதுதான் டாக்கிங்) ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளில் போட்டால் சாதாரணக் கணினியே முடித்துவிடும், பாதுகாப்புத் தரவு இருக்கிறது, மருந்தும் சீக்கிரம் கைக்கு வரும். பெருந்தொகுப்புக்குப் பல கணினிகளை இணைத்த கிளஸ்டர் வேண்டும், மூலக்கூறு வரச் சில வாரங்கள் ஆகும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: சலித்து வந்த ஹிட்டை, அதாவது தேறிய மூலக்கூறை, நம்பலாமா? அமியோடரோன், குளோர்ப்ரோமசின், குளோரோகுயின் என்று பழைய மருந்துகளில் கணிசமானவை கொழுப்பில் கரையும் காரத்தன்மை கொண்ட அமீன்கள். இவை செல்லின் கழிவைச் சிதைக்கும் அமிலப் பையான லைசோசோமுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அங்கே சிதைக்கும் வேலை தடுமாறினால் ஆட்டோஃபேஜிப் பைகளின் சவ்வில் ஒட்டிய எல்சி3 வடிவமான எல்சி3-II சேர்ந்துகொண்டே போகும், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை தடிக்கும். டாக்கிங்கில் முந்திய மருந்து செல்லிலும் வேலை செய்கிறது என்று துள்ளத் தோன்றும். ஆனால் அது நம் புரதத்தைத் தொட்டே இருக்காது. லைசோசோமின் வேலையைத் தடுக்கும் பாஃபிலோமைசினைச் சேர்த்தும் சேர்க்காமலும் பார்த்தால் ஆட்டோஃபேஜியின் ஓட்டம் கூடுகிறதா, அடைபடுகிறதா என்று தெரியும். மருந்து எங்கே ஒட்டியது என்று தெரியாது. கொரோனா வைரசைச் செல்லில் தடுத்த பல பழைய மருந்துகளும் இதே குணத்தால்தான் பலன் காட்டின என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது.

பெருந்தொகுப்பில் இந்த வகையைப் பிகேஏ (காரத்தன்மையின் அளவு), லாக்பி (கொழுப்பில் கரையும் அளவு) பார்த்து முன்பே கழித்துவிடலாம். கழித்த பிறகும் கோடிகள் மிஞ்சும். அப்புறம், ஹிட்டின் ஒன்றுவிட்ட சொந்தங்களை, அதாவது அதைப் போன்றே சற்றே மாறிய மூலக்கூறுகளையும் அங்கேயே வாங்கலாம். ஒரு மெத்தில் மாறியதும் பிணைப்பு ஏறி இறங்கினால் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

எல்சி3பி-யில் பிற புரதங்கள் வந்து ஒட்டும் பள்ளமும் ஆழமில்லாதது. வந்து ஒட்டும் புரதத்தின் அமினோ அமிலங்களில் டிரிப்டோபானோ ஃபினைல்அலனைனோ நுழைய ஒரு குழி, லூசினுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். பெரிய மருந்து ஒரு வளையத்தை முதல் குழியில் செருகி, மிச்ச உடம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டபடியே நல்ல ஸ்கோர் வாங்கிவிடும். அணுக்கள் கூடினாலே ஆட்டோடாக் வினா ஸ்கோரில் தாராளமாகிவிடுகிறது.

பழைய மருந்துகளை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. நோவோபயோசின் என்ற பழைய ஆன்டிபயாடிக், எல்சி3பி-யின் நெருங்கிய சொந்தமான எல்சி3ஏ-யின் இதே பள்ளத்தில் ஒட்டுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆட்டோஃபேஜியில் வரும் யுஎல்கே1, விபிஎஸ்34 போல, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு நுழையும் குழி உள்ள கைனேஸ் நொதிகள் என்றால் கைனேஸ் தடுப்பான் தொகுப்பிலிருந்து தொடங்குவதே மேல் என்று நினைக்கிறேன். நான் செய்து பார்த்ததில்லை. பெருந்தொகுப்பிலும் நான் சலித்தது சிறு மூலக்கூறுகளாகப் பொறுக்கிய ஒரு துண்டு மட்டுமே. நூறு கோடிக் கணக்கில் இது எப்படிப் போகும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எதை எடுத்தாலும் சரி, செல்லுக்குப் போகும் முன் சுத்திகரித்த புரதத்தில் எல்ஐஆர் பெப்டைடை (அந்தப் பள்ளத்தில் இயல்பாக ஒட்டும் புரதத் துண்டு) அந்த மூலக்கூறு விரட்டுகிறதா என்று, ஒளிரும் பெப்டைட் புரதத்தோடு ஒட்டியிருக்கிறதா எனக் காட்டும் ஃபுளோரசன்ஸ் போலரைசேஷனில் பார்த்துவிடுங்கள்.