முறைப்பாடு வந்த பதிவு: மறைப்பதா, விசாரிப்பதா, விட்டுவைப்பதா?

கிளிநொச்சியில் இரவு 2 மணி என்றால் ரொறன்ரோவில் பிற்பகல். ஊர் உறங்குகிற நேரத்தில் அங்கே இருக்கிற உறவுகள் வேலை இடைவேளையில் ஊர்க் குழுவைத் திறக்கிறார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு பதிவின் மேல் பத்து முறைப்பாடுகள் வந்து கிடக்கும். எங்கள் ஊருக்கு முகநூலில் ஒன்று, வட்ஸ்அப்பில் ஒன்று என்று இரண்டு குழுக்கள். இரண்டையும் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி, உடனே மறைத்துவிட்டுப் பிறகு பார்ப்பது. டிஸ்கோர்ஸ் போன்ற மன்ற மென்பொருள்களில் இது தானாகவே நடக்கும். போதிய முறைப்பாடு சேர்ந்ததும் பதிவு மறைந்துவிடும். எழுதியவர் திருத்தினால் திரும்ப வரவும் வழி உண்டு. வேகம்தான் இதன் பலம். நுண்கடன் கட்ட முடியாத ஒரு பெண்ணின் படத்தையும் பெயரையும் யாரோ போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்கள் நிறைந்த வன்னியில் அந்தப் படம் ஒரு மணி நேரம் நின்றாலே போதும், அவரால் சந்தைக்குப் போய்வர முடியாது. இங்கே விசாரணைக்கு என்ன இருக்கிறது? ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் தூக்கிவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஆனால் இதே வழியை எல்லாவற்றுக்கும் வைத்தால் ஆள்பலம் உள்ளவன் கை ஓங்கிவிடும். தேர்தல் நெருங்கும்போது ஒரு பக்கத்தார் சொல்லிவைத்து அடுத்த பக்கத்தார் எழுதியதை றிப்போர்ட் பண்ணுவார்கள். முறைப்பாடு எத்தனை என்பதை வைத்து, சொன்னது பொய் என்று எப்படி முடிவு கட்டுவது?

இரண்டாவது வழி, பதிவை அப்படியே வைத்துக்கொண்டு விசாரித்து முடிவெடுப்பது. காசுக் கணக்குச் சண்டைகளுக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம். கோயில் திருப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று ஒருவர் எழுதுகிறார், நிர்வாகத்தின் ஆட்கள் முறைப்பாடு செய்கிறார்கள். அதை மறைத்தால் நாங்கள் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டோம் என்றுதான் ஊர் பேசும், அந்தப் பேச்சிலும் நியாயம் இருக்கும். எழுதியவரிடம் ஆதாரம் கேட்க வேண்டும், பொருளாளருக்குப் பதில் எழுத இடம் கொடுக்க வேண்டும். முடிவெடுக்கிற மூன்று பேரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் வசவுகள் குவிந்துவிடும் என்பதால் கருத்துப் பகுதியை மட்டும் மூடிவைக்கலாம்.

மூன்றாவது, பதிவை விட்டுவைத்து அதன் கீழேயே சரியான தகவலைப் போடுவது. இது மழைக்காலத்துக்கான வழி. 2018 டிசம்பர் வெள்ளத்தை எங்களில் யாரும் மறக்கவில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு இறங்கி முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் போகும். "குளம் உடையப் போகுதாம்" என்று ஒருவர் எழுத, "வதந்தி, நீக்குங்கள்" என்று முறைப்பாடு வருகிறது. நீக்கினால் அதை ஏற்கனவே பார்த்தவர்களுக்கு உண்மை போய்ச் சேராது. ஸ்கிரீன்ஷொட் வேறு குழுக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒருவேளை எங்கோ அணைக்கட்டில் உண்மையாகவே கசிவு இருந்தால்? அதனால் பதிவை விட்டுவைத்து, நீர்ப்பாசனத் திணைக்களம் கடைசியாக என்ன சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதை முதல் கருத்தாகப் போடுகிறோம். கூடவே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும். பொய் என்று உறுதியானதும் எழுதியவரையே திருத்தச் சொல்கிறோம்.

வட்ஸ்அப்பில் இந்த மூன்றையும் இப்படியே செய்ய முடியாது. மறைத்துவைத்துப் பிறகு திருப்பிப் போடுகிற வசதி அங்கே கிடையாது. 2022 முதல் அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக நீக்கலாம், ஆனால் போனது போனதுதான். எந்த அட்மின் நீக்கினார் என்றும் காட்டும், சின்ன ஊரில் அது அடுத்த நாளே பகையாகிவிடும். வெள்ள நேரத்தில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி பூட்டிவைக்கலாம், அந்த ஒரு நன்மை உண்டு. சண்டை வரக்கூடிய விஷயங்களை முகநூல் பக்கம் கொண்டுபோங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் எழுதியவருக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். எந்த விதியை மீறினார் என்று குறிப்பிட்டு நீக்க முகநூலில் வசதி இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் தொலைபேசிதான் வேலை செய்கிறது. "தம்பி, உங்கட பதிவைத் தூக்கியிருக்கிறம், அந்தப் பிள்ளையின்ர பெயரை எடுத்துப்போட்டுத் திரும்பப் போடுங்கோ" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். சொல்லாமல் தூக்கினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஒரு தாய் போடுவார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாக்களைப் போன்றவர்தான் அவரும். "குழுவில் அரசியல் வேண்டாம்" என்று அதற்கும் முறைப்பாடு வரும், சில நேரம் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாக வரும். அதை நாங்கள் மறைப்பதில்லை, விசாரிப்பதில்லை, கீழே விளக்கமும் எழுதுவதில்லை. அந்தப் படம் அங்கேயே இருக்கும்.