தில்லி சுந்தர் நர்சரி: பல நிறுவனங்கள் கூடி மீட்டெடுத்த தோட்டம்

ஹுமாயூன் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களில் பலர், அதற்கு வடக்கே ஒட்டியிருக்கும் சுந்தர் நர்சரிக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில், முகலாயர் காலக் கட்டடங்களும் 300க்கும் மேற்பட்ட மர வகைகளும் ஒரே வளாகத்தில் பேணப்படும் இடம் இது. பூங்கா என்ற அளவிலேயே இதற்கு உயர்ந்த மதிப்பெண் தருவேன். ஆனால் இந்தப் பூங்கா உருவாகக் காரணமாக இருந்த ஒப்பந்தத்தைத் தெரிந்துகொண்டு நடப்பவருக்கு இது இன்னும் பல மடங்கு பொருள் தரும்.

ஆங்கிலேயர் புதுதில்லியை எழுப்பியபோது, அதன் சாலையோரங்களில் எந்த மரங்களை நடலாம் என்று வளர்த்துப் பார்ப்பதற்காக ஏற்பட்ட நாற்றங்கால் இது. பிற்காலத்தில் நிலம் மத்தியப் பொதுப்பணித் துறையிடமும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையிடமும், அருகிலுள்ள நிஜாமுதீன் பஸ்தி என்ற குடியிருப்பின் தெருக்கள் மாநகராட்சியிடமும் இருந்தன. கட்டடம் ஒருவர் பொறுப்பு, அது நிற்கும் மண் இன்னொருவர் பொறுப்பு, அங்கே செல்லும் வழி மூன்றாமவர் பொறுப்பு என்ற இந்த நிலை நம் நாட்டின் பெரும்பாலான தொன்மையான இடங்களுக்கும் உள்ளதுதான். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் சரியாக வேலை செய்தாலும் இடம் முழுமையாகச் சீர்பெறுவதில்லை. 2007 ஜூலையில் இந்த மூன்று அமைப்புகளும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையோடும் அதன் சகோதர அமைப்பான ஆகா கான் அறக்கட்டளையோடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஹுமாயூன் கல்லறை, சுந்தர் நர்சரி, நிஜாமுதீன் பஸ்தி ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்திற்குள் கொண்டுவந்தன. நிலத்தின் உரிமையோ சின்னங்களின் பொறுப்போ கைமாறவில்லை. திட்டமிடுதலும் வேலையும் மட்டுமே பொதுவாயின. தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2018 பிப்ரவரியில். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஆட்சிகளும் அதிகாரிகளும் மாறிய பின்னும் ஒப்பந்தம் நீடித்தது என்பதையே இதன் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் நீண்ட நடுவழி ஒன்று கண்ணை இழுத்துச் செல்கிறது. நிலவடிவமைப்பாளர் முகமது ஷாஹீர் முகலாயத் தோட்ட மரபைப் பின்பற்றி, நீரோடும் வாய்க்கால்களும் ஊற்றுகளும் மலர்ப் பாத்திகளுமாக இதை வரைந்தார். தோட்டம் திறக்கப்படுவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். இங்குள்ள முகலாயர் காலக் கல்லறைக் கட்டடமான சுந்தர் புர்ஜின் உட்கூரையில் சுதையால் இழைத்த விண்மீன் கோலத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. அவசரமில்லாமல் அண்ணாந்து நின்றால்தான் அதன் நுணுக்கம் பிடிபடும்.

எனினும் எனக்கு மிகவும் பிடித்தது, பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காத இயற்கைப் பகுதிதான். தில்லியின் மண்ணை மக்கள் பழங்காலமாகவே கோஹி, காதர், பாங்கர், டாபர் என்று பகுத்து வழங்கிவந்தார்கள். பாறை மேடு, ஆற்றோர வண்டல், மேட்டுச் சமவெளி, நீர் தேங்கும் தாழ்நிலம் என்ற அந்த நான்கையும் சிறிய அளவில் இங்கே உருவாக்கி, அந்தந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை வளர்த்திருக்கிறார்கள். திணை வகுத்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். அலங்காரச் செடிகளால் 90 ஏக்கரையும் நிரப்பியிருந்தால் பார்க்க அழகாகவே இருந்திருக்கும். ஆனால் அது தில்லியின் தோட்டமாக இருந்திருக்காது.

கல்லையும் மரத்தையும் காத்ததோடு இந்தக் கூட்டு முயற்சி நின்றுவிடவில்லை. பஸ்தியில் மாநகராட்சிப் பள்ளியும் மருத்துவ மையமும் சீரமைக்கப்பட்டன. உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த கைவினைஞர்களிடம் அங்குள்ள இளைஞர்கள் மெருகு ஓடு செய்யக் கற்று, ஹுமாயூன் கல்லறையின் பணிக்கே அவற்றைச் செய்து தந்தார்கள். பஸ்திப் பெண்கள் ‘ஜாயிகா-இ-நிஜாமுதீன்’ என்ற பெயரில் தங்கள் வீட்டுச் சமையலைத் தொழிலாக வளர்த்திருக்கிறார்கள். பெரிய கல்லறையின் கூரையில் இருபதாம் நூற்றாண்டில் கொட்டப்பட்ட சிமென்ட் கான்கிரீட், பத்து லட்சம் கிலோவுக்கும் மேல், கையாலேயே அகற்றப்பட்டு மீண்டும் சுண்ணாம்புச் சாந்து இடப்பட்டது. அந்தச் செலவைத் தாங்கியதில் டாடா அறக்கட்டளைக்குப் பங்குண்டு. உதிர்ந்த ஓடுகளைப் புதிதாகப் பதிக்கலாமா, காலம் விட்டுவைத்தபடியே விட வேண்டுமா என்று வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. பழைய முறையிலேயே, கைத்தொழில் தெரிந்தவர்களைக் கொண்டே செய்த பணியை நான் ஆதரிக்கிறேன். மறுப்பவர்களின் அச்சமும் நியாயமானதே, ஏனெனில் திறமை குறைந்தவர்கள் இதை முன்மாதிரியாகக் காட்டி எதையும் புதுப்பித்துவிடக் கூடும்.

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் 2020ஆம் ஆண்டு உயர் விருது சுந்தர் நர்சரிக்குக் கிடைத்தது பொருத்தமே. குறை என்று சொன்னால், விடுமுறை நாள்களின் கூட்டத்தைச் சொல்வேன். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெளியெங்கும் விரிப்புகளும் உணவுக் கூடைகளும் நிறைந்து, கட்டடங்கள் வெறும் பின்னணியாகிவிடுகின்றன. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நகரத்து மக்கள் உரிமையோடு அமரும் இடமாக இது இருப்பதும் நல்லதே. ஆனால் இயற்கைப் பகுதியில் ஒரே நேரத்தில் நுழைவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும். இன்னொன்று, பெரிய கொடையாளர் ஒருவர் இல்லாத ஊர்களில் இந்த முறையை எவ்வாறு நடத்துவது என்ற கேள்வி. அங்கே பராமரிப்புச் செலவுக்கான வழியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையுள்ள வார நாள் ஒன்றைத் தேர்ந்து, காலையிலேயே சென்றுவிடுங்கள். 2024இல் திறக்கப்பட்ட நிலத்தடி அருங்காட்சியகம் இந்தத் தோட்டத்துக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் இடையில் அமைந்திருப்பதால், மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். முதலில் தோட்டம், பிறகு அருங்காட்சியகம், கடைசியாகக் கல்லறை என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன்.