குதிரை டிரெய்லர் வாடகைக்கு எடுக்கும் வடசென்னை நண்பர்கள் கவனத்துக்கு

போன மாதம் என் குதிரை கருப்பியை மாதவரத்திலிருந்து எண்ணூருக்குக் கொண்டுபோக, டிரெய்லர் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தேன். 7,500 ரூபாய், முழுவதும் முன்பணம். "நூறு தடவை போயிருக்கேண்ணா, பயப்படாதீங்க" என்றார். நம்பிவிட்டேன்.

நான் பைக்கில் பின்னால் போனேன். 200 அடி சாலையில் ஒரு வேகத்தடையில் டங்கென்று சத்தம். டிரெய்லர் ஜீப்பிலிருந்து கழன்று, முன்பக்கம் தார் ரோட்டில் பொறி பறக்க உரசி, ஓரமாகச் சாய்ந்து நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் சமயத்தில் பிரேக் பிடித்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

டிரெய்லரை மாட்ட ஜீப்பின் பின்னால் இருந்த இரும்பு உருண்டை சின்னது, அதன்மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் கிண்ணம் பெரியது. பூட்டு விழுந்த மாதிரியே தெரியும், ஒரு தூக்கு தூக்கினால் கழன்றுவிடும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், பாருங்கள். மாட்டியபின் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக்கியைச் சுற்றி உயர்த்தச் சொல்லுங்கள். ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். கழன்றாலும் தாங்கிப் பிடிக்க, கீழே குறுக்காக இரண்டு சங்கிலி இருக்க வேண்டும். இவரிடம் ஒன்றுகூட இல்லை.

டிரெய்லரின் தரையைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதெல்லாம் நடந்த பிறகுதான் அதன் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். மூத்திரம் இறங்கி இறங்கிப் பலகை கறுத்துப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், டீயில் நனைத்த பொறை மாதிரி உள்ளே போனது. அதன்மேல்தான் 400 கிலோ குதிரை நின்றுகொண்டு வந்திருக்கிறது! ஏற்றும் முன்பே விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் வலப்பக்கம் நிறுத்த வேண்டும், நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால். இவர் இடப்பக்கம் நிறுத்தினார். நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ரோடு சரியில்லைண்ணா" என்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை.

கருப்பியின் பின்னங்காலில் தோல் உரிந்த இடம் ஆறிவிட்டது. ஆனால் ஏற்றுப் பலகையைக் கண்டாலே காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நின்றுவிடுகிறாள். தினமும் சாயங்காலம் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் ஊறவைத்த கொள்ளு வைத்துப் பழக்குகிறேன். நேற்று ஒரு முன்னங்காலை மட்டும் வைத்தாள்.