பத்து அங்குல வூஃபர் எல்லாம் ஒன்றல்ல: ஸ்பீக்கர் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

அப்பா வைத்திருந்த சோடி அது. துளை எதுவும் இல்லாத 60 லீற்றர் மூடிய பெட்டிகள், பத்து அங்குல வூஃபர் (தாழ்ந்த சத்தத்தைத் தருகிற பெரிய ஸ்பீக்கர்). கோனை, அதாவது கூம்பு மாதிரி முன்பின் அதிருகிற பகுதியைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் மட்டும் உக்கி, தொட்டால் விரலில் ஒட்டியது. வளையத்தை மட்டும் மாற்றச் சொல்லித்தான் நகரில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களோ வூஃபர்களையே கழற்றிவிட்டு, மேடைக்குப் பாவிக்கிற வகையைப் பூட்டி, பேசியதைவிடக் கூடக் காசும் வாங்கினார்கள்.

"அதுவும் பத்து இஞ்சி, இதுவும் பத்து இஞ்சி தம்பி. இது வாற்ஸ் கூட. அதிரும் பாருங்கோ."

வீட்டில் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டேன். கையால் வாசிக்கிற வலந்தலைப் பக்கம் சுள்ளென்று காதில் அறைந்தது. மற்றப் பக்கமான தொப்பியில் கழி விழும்போது கும்மென்று வரவேண்டிய நாதத்தைக் காணோம், வெறும் 'டக்' மட்டுமே.

வாற்ஸ் என்பது வூஃபர் எவ்வளவு பவர் தாங்கும் என்ற கணக்கு. பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், வேறு கதை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே சுருள்வில்லாக நின்று கோனைத் திருப்பி இழுக்கிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்த முறை இது. அதற்கு இளகலான தொங்கலுள்ள (கோனைத் தாங்கிப் பிடிக்கிற பாகங்கள் இளகலாக உள்ள) வூஃபர் வேண்டும். வூஃபரைப் பற்றி மூன்று எண் பார்க்கவேண்டும்: எஃப்.எஸ் என்பது வூஃபர் தனியே இயல்பாக அதிரும் வேகம், கியூ.ரி.எஸ் என்பது அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு (எண் குறைந்தால் கூட அடங்கும்), வி.ஏ.எஸ் என்பது தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு. என் பழைய வூஃபரின் எஃப்.எஸ் 30 ஹேர்ட்ஸ், கியூ.ரி.எஸ் 0.5, வி.ஏ.எஸ் 60 லீற்றர். பெட்டியும் 60 லீற்றர் என்பதால் பெட்டியோடு சேர்ந்த மொத்த கியூ 0.7, ஒத்ததிர்வு 42 ஹேர்ட்ஸ். மூடிய பெட்டிக்கு இதைவிடப் பொருத்தம் தேடவேண்டியதில்லை. இதே வூஃபரை 20 லீற்றர் பெட்டியில் அடைத்தால் கியூ 1.0 ஆகி, பேஸ் வீங்கிக் குழம்பும்.

புதிதின் அட்டையில் போட்டிருந்தது எஃப்.எஸ் 55, கியூ.ரி.எஸ் 0.3, வி.ஏ.எஸ் அதே 60. கணக்குப் பார்த்தால் என் பெட்டியில் கியூ 0.42தான். 150 ஹேர்ட்ஸ் அளவிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும், 60க்கு வரும்போது 10 டெசிபல் போய்விடும். தொப்பிச் சத்தம் எங்கே போனது என்று இப்போது விளங்கும்.

திரும்பக் கொண்டுபோனதற்கு, "பெட்டியில ஒரு ஓட்டை வெட்டித் தாறன், பேஸ் தன்பாட்டில வரும்" என்றார். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். துளைப் பெட்டிக்குக் குழாயின் விட்டமும் நீளமும் பெட்டிக் கொள்ளளவோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். கண்மதிப்பில் வெட்டினால் நல்ல பெட்டியும் பாழ். காசு திரும்பவில்லை. பழைய வூஃபர்கள் இரும்புக்குப் போய்விட்டனவாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோனும் காந்தமும் புதுசு மாதிரி இருந்தன.

கொடுக்கும்போதே "கழற்றிய சாமான் முழுவதும் எனக்கு வேண்டும்" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வூஃபர் மாற்றியே ஆகவேண்டுமென்றால், அந்த மூன்று எண்ணையும் காட்டாமல் பூட்ட விடாதீர்கள்.

கியூ.ரி.எஸ் 0.5 அளவில் பத்து அங்குல வூஃபர் சோடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஃபோம் வளையம் ஒழுங்காக ஒட்டித் தருபவர் தெரிந்தாலும் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.