பென்ஜோலின்: ராப் ஹோர்டைக் விட்டுச்சென்ற எட்டுக் குமிழ்ப் பெட்டி

பென்ஜோலின் என்பது தாறுமாறாக மாறும் சத்தங்களை எழுப்பும் ஒரு சின்ன சிந்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கருவி. மெலடி வாசிக்க சிந்தசைசர் தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பென்ஜோலினுக்குக் கீபோர்டு கிடையாது. வெளியிலிருந்து ஒன்றைச் செருகினாலும் சுருதி நிற்காது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இயங்கிய ராப் ஹோர்டைக், பயிற்சிப் பட்டறைக்கு வருபவர்கள் தங்கள் கையாலேயே செய்து எடுத்துப்போகட்டும் என்று 2009 வாக்கில் வடிவமைத்த கருவி இது. 2022-ல் அவர் காலமானார். கருவி இன்று நாமே சேர்த்துச் செய்யும் உதிரிபாகக் கிட்டாகவும், ரெடிமேட் யூரோராக் மாட்யூலாகவும் (ஒரே சட்டத்தில் பல சிந்தசைசர் துண்டுகளைப் பொருத்தும் முறை) கிடைக்கிறது. சால்டரிங் ஓரளவு பழகியவராக இருந்தால் கிட்டையே எடுங்கள். அவர் சொல்லிக்கொடுத்தது போர்டில்தான் இருக்கிறது, முகப்புத் தகட்டில் இல்லை.

உள்ளே விட்டுவிட்டுத் துடித்து ஒலி எழுப்பும் ஆசிலேட்டர் இரண்டு, அந்த ஒலியை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று, நடுவில் அவர் 'ரங்லர்' என்று பெயரிட்ட சர்க்யூட். ரங்லரின் உயிர் 4021 என்ற மலிவான ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஐசி. கட்டட வேலையில் எட்டுப் பேர் வரிசையாக நின்று கலவைச் சட்டி கைமாற்றுவார்களே, அதே வேலைதான். இரண்டாவது ஆசிலேட்டர் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், முதலாவது அந்த நொடியில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்து ஒரு பிட் (1 அல்லது 0) உள்ளே போகிறது. பழையவை ஒரு படி நகர்கின்றன. இந்த ஐசியில் கடைசி மூன்று படிகளுக்கு மட்டும்தான் வெளியே கால் உண்டு. அந்த மூன்றே போதும் என்று எடுத்து, எட்டு நிலைகள் கொண்ட வோல்டேஜாக்கி, அதே ஆசிலேட்டர்களின் வேகத்தை மாற்றத் திருப்பிவிட்டார். வேகம் மாறினால் பிட் மாறும், பிட் மாறினால் வேகம் மாறும். பொம்மைகளைத் திறந்து கண்டபடி ஷார்ட் செய்து சத்தம் எடுப்பவர்கள் தற்செயலாகப் பெறும் கிறுக்குத்தனத்தை இவர் கணக்குப்போட்டு வரைந்தார். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த உதிரிகளில் இவ்வளவு விளையாட்டு வேறெதிலும் இல்லை.

செய்யும்போது: எல்லா ஐசிக்கும் சாக்கெட் போடுங்கள். 4021-ஐச் செருகுமுன் கரண்ட் கொடுத்து, 16-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. யூரோராக் பவரின் +12, -12 வோல்ட் இரண்டும் தவறிப்போய் அதன் மேல் விழுந்தால் 24 வோல்ட். ஐசி அந்த இடத்திலேயே முடிந்தது. பவர் கேபிளின் சிவப்புக் கோடு -12 பக்கம். தலைகீழாகச் செருகுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

சத்தம் வருகிறது, ஆனால் படிப்படியாக மாறவில்லை என்றால் ரங்லரைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது ஆசிலேட்டரை முடிந்தவரை மெதுவாக்கி, ரங்லர் அவுட்டில் மீட்டரை வையுங்கள். ஒரே வோல்டேஜில் உறைந்திருந்தால் 4021-இன் 10-ஆம் காலுக்குத் துடிப்பு வரவில்லை, அல்லது 9-ஆம் கால் கிரவுண்டோடு சேரவில்லை. எட்டுக்குப் பதில் நாலே நிலைகள் தெரிந்தால், மூன்று வெளியீடுகளில் ஒன்றின் ரெசிஸ்டர் சரியாக ஒட்டவில்லை. அந்த இடத்தை மறுபடி சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். ரங்லரின் வோல்டேஜ் ஆசிலேட்டர்களுக்கும் ஃபில்டருக்கும் எவ்வளவு போக வேண்டும் என்பதை ரங்லர் குமிழ்கள் முடிவுசெய்கின்றன. அவை எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தொடங்குங்கள். முதல் ஆசிலேட்டர் வேகமாக, இரண்டாவது நொடிக்கு நாலைந்து துடிப்பாக. இப்போது ஃபில்டரின் ரங்லர் குமிழை மட்டும் திறந்தால் ஒரு தாளம் கேட்கும். வேகங்களை மாற்றிப்போட்டால், அதாவது இரண்டாவதை வேகமாக்கினால், படிகள் நெருங்கி உறுமலாகும். பிறகு ஆசிலேட்டர்களின் ரங்லர் குமிழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தாறுமாறாக ஓடுவது திடீரென்று ஒரு வட்டத்தில் சிக்கி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். மயிரிழை திருப்பினால் உடைந்துவிடும். புதியவர்கள் எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்துவிட்டு, வெறும் இரைச்சல்தான் வருகிறது என்று குறை சொல்வார்கள். இதன் சுவாரசியமெல்லாம் குமிழின் கோடு, கடிகார முள் போல, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நிற்கும்போதுதான்.

குறை என்றால், பிடித்த இடத்தைச் சேமிக்க வழியே இல்லை. அறையின் சூடு மாறினாலே நகர்ந்துவிடும். ரெக்கார்டரை ஓடவிட்டே வாசியுங்கள். மாட்யூலர் சிக்னல், வழக்கமான ஆடியோ கருவிகளின் லைன் அளவைவிடப் பலமடங்கு பலம். ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஃபில்டரைக் கீச்சிட வைக்கும் ரெசொனன்ஸை ஏற்றும்போது ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

இதைவிட ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு அவருடைய இன்னொரு கருவியான ப்ளிப்பூ பாக்ஸ் இருக்கிறது. ஆனால் அவர் கையால் குறைந்த அளவில் செய்தவை என்பதால் சந்தையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. சிந்தசைசரில் ஒலி உருவாக்குவதன் அடிப்படை வேண்டுமென்றால் நார்ட் மாடுலர் என்ற டிஜிட்டல் சிந்தசைசருக்காக அவர் இலவசமாக எழுதிய பாடங்களைப் படியுங்கள். அந்தக் கருவி கையில் இல்லாதவர்களுக்கும் அவை புரியும்.